ஹாரன் அடித்துவிட்டு உள்ளே போகவும்

அலுவலகத்தில் அவருக்கு வகையறா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள், முதுகு திரும்பியதும் கூப்பிடுவார்கள். வைத்தது யார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கடைசியில் தினமும் தன்னை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் டிரைவர்தான் என்று கண்டுபிடித்தார். கேட்டதற்கு அந்த மனிதர் கொஞ்சமும் அசராமல், "ஆமா சார், பொருத்தமா இருந்துச்சு. நல்லாயில்லையா?" என்றார். யோசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. என்ன செய்வது!

வேலை அப்படி. ஊருக்குள் கேட்பாரற்றுக் கிடக்கிற நிலங்களையெல்லாம் போய்ப் பார்த்து வகை பிரிப்பதுதான் அவர் வாங்கும் சம்பளத்துக்குச் செய்யும் காரியம். மூடின ஆலை, கூரை விழுந்த கிடங்கு, பூட்டு துருப்பிடித்த சினிமாக் கொட்டகை, எதுவானாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிட வேண்டும். யாருமே பயன்படுத்தாத இடம் என்றால் வகை ஒன்று, கட்டடம் கட்டுகிறவர்களுக்கு உடனே கொடுத்துவிடலாம். மண்ணில் எண்ணெயோ ரசாயனமோ ஊறியிருந்தால் வகை இரண்டு, சுத்தம் செய்துவிட்டுக் கொடுக்கலாம். யாராவது வழக்கமாகப் பயன்படுத்தி வந்தால் வகை மூன்று. அங்கேதான் சிக்கல். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டு, மாற்று இடம் காட்டாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் வகை ஒன்றைத்தான் பிடிக்கும். இவருக்கும் பிடிக்கும். இவர் கைபட்ட நிலங்களில் பெரும்பாலானவை வகை ஒன்று. "நம்ம ஆளு போனா புல்லுகூட பட்டுப்போயிடும்" என்று டிரைவர் சொல்வதை இவர் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. செருப்பு அடுக்குகிற தட்டு, பிரிட்ஜின் கீழ் அறை, பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு, எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒரு எண் போட்டுவிடுவார். மனைவி வகை மூன்று, பயன்பாட்டில் உள்ளது. இதை ஒருநாள் பெரிய ஜோக் என்று நினைத்து அவளிடமே சொல்லித் தொலைத்தார். அன்று ராத்திரி சாப்பாடு வகை இரண்டாக இருந்தது.

வகை ஒன்று யார் என்றால், மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கல்யாணம் ஆகாதவர். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டினவர். அவர் வேலை பார்த்த டிப்போவை மூடினதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், யார் இல்லை என்றது? சத்தம் போடமாட்டார், எதுவும் கேட்கமாட்டார். காலையில் எழுந்து குளித்துவிட்டு எங்கேயோ போவார், மத்தியானம் வெயிலோடு திரும்பி வருவார். எங்கே போகிறார் என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. பூங்காவில் நாலு பேரோடு சீட்டு ஆடுவார் என்று தானாகவே முடிவுகட்டி வைத்திருந்தார்.

அந்த முன்னறை மீது இவருக்கு ஒரு கண். ஜன்னல் பெரிசு, வெளிச்சம் நன்றாக வரும். ஒரு மேஜை போட்டு, மேலே அலமாரி அடித்து, பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அளவு நாடாவோடு உள்ளே நுழைந்து, சுவரில் மேஜை வரவேண்டிய இடத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். அதுவும் எப்படிப்பட்ட கோடு? இரண்டு முனையிலும் அம்புக்குறி போட்ட கோடு. மச்சானின் தலையணைக்கு நேர் மேலே. அழித்திருக்கலாம். இடத்துக்கு வகை போட்ட பிறகு கோட்டை அழிக்கிற பழக்கம் இவருக்கு இல்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் மச்சான் சாப்பிடும்போது தானாகவே சொன்னார். "மாப்பிள்ளை, வெளியூர்ல ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேலை இருக்காம். இந்த மாசக் கடைசியில கிளம்பலாம்னு இருக்கேன். தங்க எடமும் அங்கேயே குடுக்குறாங்க."

"அப்படியா மச்சான்? உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க" என்றார் இவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. மனசுக்குள் மேஜைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். மனைவி தட்டைப் பார்த்தபடியே எழுந்து போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார். தண்ணீர் வரவில்லை.

அந்தச் சமயத்தில் அலுவலகத்தில் இவர் கையில் கடைசியாக ஒரு நிலம் இருந்தது. மச்சான் வேலை பார்த்த அதே பஸ் டிப்போதான். பழைய இடம், பெயரைக் கேட்டாலே மச்சானுக்கு மனசு கஷ்டப்படும் என்று வீட்டில் வாயே திறக்கவில்லை. அவ்வளவு நாசூக்கு! இதை மட்டும் நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் துணைத் தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று தலைவர் மேடம் ஏறக்குறையச் சொல்லிவிட்டிருந்தார். அந்த நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு ஜன்னல் உண்டு.

இங்கே இந்த அலுவலகத்தின் ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் வகை பிரிக்கப் போன ஒருவரை நாய் கடித்துவிட்டது. அதிலிருந்து ஒரு சுற்றறிக்கை: இடத்துக்குள் நுழையும் முன் வாயிலில் ஜீப்பை நிறுத்தி, நீண்ட ஹாரன் அடித்து, உள்ளே உள்ள உயிரினங்கள் விலகும்வரை காத்திருந்து, பிறகே நுழைய வேண்டும். அப்படியே செய்தார்கள். ஹாரன் அடிப்பார்கள், காத்திருப்பார்கள், எல்லா உயிரினமும் விலகிய பிறகு உள்ளே போய், இங்கே உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றாததுதான் பெரிய அதிசயம், ஏனென்றால் தன் பார்வைக்கு எதுவும் தப்பாது என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இவர். வீட்டுக்கு வரும்போதுகூட வாசலில் நின்று தொண்டையை இரண்டு தடவை பலமாகச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே வந்து பார்த்தால் வீடு எப்போதும் அமைதியாக இருக்கும். என் வீட்டில் சத்தமே கிடையாது என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

டிப்போவுக்கு விதிப்படி மூன்று முறை போனார். மூன்று முறையும் டிரைவர் வாசலில் ஜீப்பை நிறுத்தி, காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தார். மூன்று முறையும் உள்ளே ஒரு காக்கா குஞ்சுகூட இல்லை.

ஆனால் தடயங்கள் இருந்தன. அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிரமாதமாகப் பார்த்தார். தரையில் புதிதாக டயர் தடம், எட்டு எழுதின மாதிரி. லாரிக்காரர்கள் வழி தெரியாமல் உள்ளே வந்து திரும்பிப் போயிருப்பார்கள் என்று எழுதினார். செங்கற்களும் பழைய பெயின்ட் டப்பாக்களும் ஒரே இடைவெளி விட்டு நேர்க்கோட்டில் நின்றன. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு குச்சி, குச்சியின் தலையில் சிவப்புத் துணி. "கட்டடக் கழிவுகள் வரிசையாகச் சிதறிக் கிடக்கின்றன" என்று எழுதினார். கடைசித் தடவை பஸ் கழுவுகிற ஷெட்டுக்குப் பக்கத்தில், ஒரு கல் மேல் ஃபிளாஸ்க் ஒன்று இருந்தது. சிவப்பு ஃபிளாஸ்க், நீல மூடி. இவர் வீட்டிலும் அதேதான். சிவப்பு மூடி எப்போதோ தொலைந்துபோய், வேறு எதிலிருந்தோ ஒரு நீல மூடியை மனைவி மாட்டியிருந்தாள். அடடே, கம்பெனிக்காரனே இப்போது இப்படித்தான் செய்து விற்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஷெட்டின் கதவு மூடியிருந்தது. "செத்துப்போன எடம்யா. ஒரு ஜீவன் கிடையாது" என்று அந்தக் கதவுக்கு வெளியே நின்று டிரைவரிடம் உரக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதை ஒரு விசேஷமாகச் சொன்னார்.

"இன்னிக்கு நம்ம ஃபிளாஸ்க் மாதிரியே ஒண்ணு பாத்தேன். அதே சிவப்பு, அதே நீல மூடி!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "எங்க?"

"யாருமே இல்லாத ஒரு எடத்துல."

"சரி" என்றாள். கத்தி கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி நறுக்கியது. "யாருமே இல்லாத எடத்துல ஃபிளாஸ்க்கை யாரு வெச்சாங்களாம்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. எங்க தொழில்ல இந்த மாதிரி நெறையப் பாப்போம்."

இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாக்கியத்துக்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது என்கிறார். குட்டிக்கொள்ளட்டும்.

அறிக்கை மேடத்தின் மேஜைக்குப் போனது. மேடம் எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வரிசையா எப்படிங்க சிதறும்?" என்று கேட்டார்.

இவர் வாய் சும்மா இருக்குமா? "காத்து மேடம். அந்தப் பக்கம் காத்து ஒரே தெசையில அடிக்கும்."

மேடம் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு, "எதுக்கும் நானும் ஒரு தடவை நேர்ல பாத்துடறேன். வியாழக்கிழமை போலாம். பில்டரையும் வரச் சொல்லுங்க. சரியா இருந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன், திங்கக்கிழமை அவர் சுவர் எழுப்பட்டும்" என்றார்.

வியாழக்கிழமை நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். முன்சீட்டில் மேடம், பின்சீட்டில் இவரும் பில்டரும். பில்டர் எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்கிற மனிதர், மூச்சு விடுகிற இடத்தில்கூட அதையே சொல்வார் போலிருந்தது. டிப்போ வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, ஹாரன் அடி."

"நேத்தே சொன்னேனே சார், ஹாரன் போச்சுன்னு. சரி பண்ணிக்கலாம், இப்ப என்ன அவசரம்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஹாரன் எதுக்கு?" என்று மேடம் திரும்பினார். இவர் சுற்றறிக்கையை விளக்கினார். மேடம் முழுசாகக் கேட்டுவிட்டு, உள்ளே போகும்படி டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

ஜீப் சத்தமில்லாமல் உள்ளே உருண்டது. இவர் பின்சீட்டிலிருந்து எட்டி, மேடத்துக்கும் டிரைவருக்கும் நடுவில் தலையை நீட்டி, கையை அகல விரித்து உரக்கச் சொன்னார். "பாருங்க மேடம். எவ்வளவு பெரிய எடம்! ஒரு ஈ, காக்காகூட வர்றதில்ல."

அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் ரிவர்ஸில் வந்தது.

வந்ததென்றால் சும்மா வரவில்லை. இவர் கழிவு என்று எழுதின டப்பாக்களுக்கு நடுவே, ஒன்றையும் தொடாமல், இடதும் வலதுமாக வளைந்து வளைந்து வந்தது. பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் தலை. அவளுக்குப் பக்கத்து சீட்டிலிருந்து வந்த குரல் இடம் முழுக்கக் கேட்டது. "கண்ணாடியைப் பாரு! தலையைத் திருப்பாதே, கண்ணாடியைப் பாரு! பின்னாடி என்ன தெரியுது?"

"எங்க வீட்டுக்காரர் தெரியறாருண்ணே" என்றது பெண் குரல்.

கார் ஜீப்புக்கு ஒரு முழம் முன்னால் பதறாமல் நின்றது. பில்டர்கூட "சூப்பர்" என்றுவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இவர் மனைவிதான். வேறு யார்? ஒருதடவை கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, "ரோட்டைத் தாண்டவே என் கையைப் புடிச்சுக்குவே, உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தே அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் இவர். ஷெட் நிழலில் இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தி நர்ஸ் உடையில், இன்னொருத்தி கழுத்தில் அளவு நாடா தொங்கும் தையல்காரி. அவர்களுக்கு நடுவில் கல் மேல் சிவப்பு ஃபிளாஸ்க், நீல மூடி.

காரிலிருந்து மச்சான் இறங்கினார். மேடத்தைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார், இவருடைய நல்ல சட்டையைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பி, இவரை முன்னே பின்னே தெரியாத ஆள் மாதிரி நின்றுகொண்டார்.

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். சும்மா வண்டி பழகிப் பாக்கலாம்னு வந்தோம். இன்னிக்குத்தான் மொத தடவை. கேட் தெறந்திருந்துச்சு, அதான். மன்னிச்சுக்குங்க, இப்பவே போயிடறோம்."

"இதுக்கு முன்னாடி வந்ததில்லையா?"

"வந்ததே இல்லீங்க."

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அந்தப் பொய்யைக் கேட்டதும் இவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா! மச்சானே சொல்லிவிட்டார், இன்றைக்குத்தான் முதல் தடவை. ஒருநாள் வந்து போவது வழக்கமான பயன்பாடு ஆகாது. வகை ஒன்று பத்திரம், நாற்காலி பத்திரம், ஜன்னல் பத்திரம். பில்டர் தலையாட்டினார். மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மச்சான் குனிந்து டப்பாக்களை எடுக்க ஆரம்பித்தார். குச்சியைப் பிடுங்கி, சிவப்புத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டப்பாவை ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து அடுத்தது. நர்ஸ் ஓடிவந்து, "சார், அடுத்த வாரம் லைசன்ஸ் டெஸ்ட்டு இருக்கே, நாங்க எங்க சார் போறது?" என்றாள். "பாத்துக்கலாம்மா, பேசாம இரு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு மூன்றாவது டப்பாவுக்குப் போனார். வயசான முதுகு, ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிர்ந்தது. இவ்வளவு நாள் சீட்டு ஆடுகிறார் என்று நினைத்த முதுகு.

மனைவி காரைவிட்டு இறங்கவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வை என்றால் பழக்கம், தாங்கியிருப்பார். இது திட்டுகிற பார்வை இல்லை. இந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்று சும்மா பார்க்கிற பார்வை. மூடின ஷெட்டுக்கு உள்ளிருந்தும் இவள் இப்படித்தான் பார்த்திருப்பாள். செத்துப்போன இடம், ஒரு ஜீவன் கிடையாது என்று தான் கத்தினதை இவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தனக்குக் காய் நறுக்கியிருக்கிறாள். இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதை எடுக்காதீங்க மச்சான்" என்றார். தன் குரலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மேடத்தின் பேனா நின்றது. "மச்சானா?"

"ஆமா மேடம். என் மச்சான். கார்ல இருக்கறது என் வீட்டுக்காரி. அவர் சொல்றது பொய். எனக்காகச் சொல்றாரு." ஜீப்பிலிருந்து இறங்கி, ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டு தொடர்ந்தார். "இவங்க தெனமும் வர்றாங்க. அந்தத் தடம் லாரி இல்ல. அது கழிவு இல்ல, வண்டி பழகுற அடையாளம். காத்து டப்பாவுக்குள்ள குச்சி சொருகாது மேடம். அந்த ஃபிளாஸ்க் எங்க வீட்டு ஃபிளாஸ்க். நான் பாத்தேன். பாத்துட்டு, கம்பெனிக்காரன் நீல மூடி போட்டு விக்கறான்னு நெனச்சேன்."

டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

மேடம் சிரிக்கவில்லை. "உங்க வீட்டு ஆளுங்கன்னு தெரிஞ்சதும் வகை மாறிடுதா?"

நல்ல கேள்வி. நெஞ்சில் குத்துகிற கேள்வி. தப்பிக்க ஏதாவது சொல்ல முடியுமா என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் தேடிப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்.

"வேற யாராவதா இருந்திருந்தா இன்னிக்கும் என் கண்ணுல பட்டிருக்க மாட்டாங்க மேடம். மொத தடவைன்னு அவங்க சொன்னதையே எழுதிட்டுப் போயிருப்பேன். அதை நெனச்சாத்தான் அசிங்கமா இருக்கு."

பில்டர், "அப்ப திங்கக்கிழமை?" என்று மெல்ல இழுத்தார்.

"திங்கக்கிழமை ஒண்ணும் கெடையாது. இவங்களுக்கு வேற எடம் காட்டாம இங்க யாரும் கை வெக்க முடியாது" என்று பேனாவை மூடினார் மேடம். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "வகை மூணுன்னு எழுதிக் குடுங்க. தப்பு உங்க மேலதான்னும் எழுதுங்க. நாற்காலி விஷயம்..."

"தெரியும் மேடம்."

"முழுசாக் கேளுங்க. நீங்க வகை ஒண்ணு போட்ட எடம் அத்தனைக்கும் திரும்பப் போங்க. நடந்து போங்க. ஹாரன் இல்லாம."

"நடந்தேவா மேடம்?" என்று அலறியது இவரில்லை, டிரைவர். சந்தோஷம் தாங்காமல் அலறினார்.

மச்சான் கையில் டப்பாவோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாத மாதிரி அதை மறுபடி பழைய இடத்தில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துக் குச்சியில் கட்டினார். இவர் உதவிக்குப் போய்த் துணியைத் தலைகீழாகப் பிடித்து, தையல்காரியிடம் திட்டு வாங்கினார்.

சாயங்காலம் கால் வலியோடு டிப்போவிலிருந்தே நடந்து வந்தார். வாசலில் நின்று வழக்கப்படி தொண்டையைச் செரும வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் தானே திருடன் மாதிரி நுழைந்தார்.

முன்னறையில் சிரிப்பு. அப்படியொரு சிரிப்பை அந்த வீட்டில் அவர் கேட்டதே இல்லை. மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, கையை அகல விரித்து, இவர் குரலிலேயே, "ஒரு ஈ, காக்காகூட வர்றதில்ல மேடம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் வாசலில் செருமிச் செருமி இதையா விரட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டே கையில் செருப்போடு நின்றார்.

மச்சான்தான் முதலில் பார்த்தார். கை கீழே இறங்கியது. சிரிப்பு அறுந்தது. ஹாரன் அடித்த மாதிரியே எல்லாம் ஷெட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"அந்தக் காத்தை விட்டுட்டீங்களே மச்சான்" என்றார் இவர், வாசற்படியிலேயே நின்று. "ஒரே தெசையில அடிக்கற காத்து. அதுதான் அதுல பெரிய கூத்து." நடந்ததைச் சொன்னார். மேடம் கண்ணாடியை இறக்கினதையும் நடித்துக் காட்டினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மச்சான் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு தாங்க முடியாமல் வெடித்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்தபோது இவர் கண் சுவருக்குப் போனது. அம்புக்குறி போட்ட கோடு, தலையணைக்கு நேர் மேலே, அப்படியே இருந்தது. விறுவிறுவென்று போய் ஈரத்துணி எடுத்து வந்தார்.

"எதுக்குன்னு தெரியுமா மச்சான் இது?"

"தெரியும் மாப்பிள்ளை. மேஜைக்கு." மச்சான் இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கோட்டைப் பாத்த அன்னிக்கேதான் அந்த வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. துணியைச் சுவரில் வைத்தார். மச்சான் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதீங்க. கட்டிலைத் திருப்பி அந்தக் கோட்டு நீளத்துக்கு இழுத்துப் போட்டா ஜன்னல் காத்து நல்லா வருது. ஒரு நாள் போட்டுப் பாத்தேன், நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வெச்சுட்டேன்."

"எந்தக் காத்துண்ணே? ஒரே தெசையில அடிக்குமே, அதுவா?" என்றாள் மனைவி.

கட்டிலின் ஒரு முனையை மச்சான் பிடித்தார், இன்னொரு முனையை இவர் பிடித்தார். இழுத்தபோது அடியிலிருந்து ஒரு பை தெரிந்தது. வாய் வரைக்கும் அடைத்து, கயிறு போட்டுக் கட்டி, கிளம்பத் தயாராக இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மனைவி யாரையும் கேட்கவில்லை. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.